நைட்ரோவா, பாலியா: கிடாருக்கு எந்தப் பூச்சு?

எலெக்ட்ரிக் கிடாருக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரா, பாலியெஸ்டர், பாலியூரித்தேன் என்ற ‘பாலி’ வகையா என்றால் என் ஓட்டு நைட்ரோவுக்கே. மரச்சாமான் பெயின்டர்கள் என்.சி., பி.யூ. என்று சொல்கிற அதே சங்கதிதான்.

1920-களில் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காக டூகோ என்ற பெயரில் விற்ற லேக்கர்தான் கிடாருக்கும் வந்தது. கிடார் நிறுவனமான ஃபெண்டரின் பழைய தனி வண்ணங்கள் பலவும் கார் வண்ணங்களே. 1968 வாக்கில் ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியது. கொஞ்சம் கோட்டிலேயே கனமாக ஏறும், சீக்கிரம் இறுகும். தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்? இன்னொரு கிடார் நிறுவனமான கிப்சன் இன்றுவரை நைட்ரோவை விடவில்லை.

உழைப்பில் பாலிதான் கெட்டி, அதில் பேச்சே இல்லை. நைட்ரோ மஞ்சளாகும்: வெள்ளை கிரீம் ஆகும், லேக் பிளாசிட் நீலம் பச்சையடிக்கும். குளிரில் இருந்து சட்டென்று சூட்டுக்குக் கொண்டுவந்தால் மயிரிழை விரிசல் ஓடும். ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடம் இளகிப் பிசுபிசுக்கும். அங்கே பருத்தித் துணி சுற்றுவது கட்டாயம். மழைக்கால ஈரத்தில் ஸ்ப்ரே செய்தால் பால்போல வெளுக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தின்னர் கலக்கலாம். காய்ந்த நாளாகப் பார்த்து அடிப்பது அதைவிட நல்லது.

இத்தனைக்குப் பிறகும் நைட்ரோ பக்கம் நிற்கக் காரணம் ரிப்பேர். தின்னர் ஆவியாகித்தான் அது காய்கிறது, ரசாயனமாக இறுகுவதில்லை. அதனால் புதுச் சொட்டு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். விளிம்பில் சில்லு பெயர்ந்தால் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு சொட்டு வையுங்கள். காயக் காயச் சுருங்கும், எனவே மறுநாள் இன்னொன்று. சுற்றுப்புறத்தைவிடத் துளி மேடாகும்வரை ஐந்தாறு முறை. பிறகு இரண்டு வாரம் தொடவே கூடாது. அவசரப்பட்டுத் தேய்த்தால் பின்னால் குழி விழும். ஷேவிங் பிளேடின் இரு முனையிலும் செலோடேப் ஒட்டி, நடுவில் மட்டும் கூர் தெரிய விட்டுச் சுரண்டினால் மேடு மட்டும் சீவப்படும், பக்கத்துப் பூச்சில் கீறல் விழாது. அப்புறம் 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட். ஒற்றை வண்ணமென்றால் ஒட்டு போட்ட தடமே தெரியாது. மெட்டாலிக் வண்ணத்துக்கு இந்த உறுதி கிடையாது.

பாலியில் இது நடக்காது. இறுகியது இறுகியதுதான். சூப்பர் குளூ விட்டுக் குழியை நிரப்பலாம், மட்டமும் ஆக்கலாம். ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்டமாக ஒரு கோடு தெரியும்.

ஒலி? நைட்ரோவில் மரம் ‘மூச்சு விடும்’ என்பார்கள். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பை அரை மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே கேட்கிற மாற்றம் இதில் கேட்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

பழைய கிடார் வாங்கும்போது கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழிக்குள் பட்ஸில் துளி அசிட்டோன் தொட்டு வையுங்கள். இளகினால் லேக்கர், அசையாவிட்டால் பாலி. 1960-களின் ஃபெண்டரில் மட்டும் கவனம்: அடியில் மரத்தை அடைக்கப் பூசிய சீலர் கரையாது, மேல்பூச்சில்தான் சோதிக்க வேண்டும்.