ஓட்டை டிஸ்க்கா, காடி டிஸ்க்கா, வெறும் டிஸ்க்கா? இராமநாதபுரம் கடலோரத்துக்கு எது சரி?

பாம்பன் பாலத்தைக் கடந்து வந்த காரின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துருச் சோதனைக்காகப் பாம்பன் பக்கத்து மண்டபம் ஊரில் கிளை வைத்திருப்பது சும்மா இல்லை. கண்ணாடியில் படிந்த அதே உப்புதான் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க்கிலும் படிகிறது. ஆகவே இந்தக் கரையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் டிஸ்க் மாற்றும்போது வெப்பத்தோடு உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்றாட ஓட்டத்துக்கு, உள்ளே காற்றுவழி உள்ள வெறும் டிஸ்க். மலைக்கும் ரேஸ் தடத்துக்கும் அடிக்கடி போகிறவருக்கு, மேற்பரப்பில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய டிஸ்க். ஓட்டை டிஸ்க் கார் கம்பெனியே பொருத்தித் தந்ததாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கண்காணிக்க வேண்டும். வெறும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அழகுக்காக ஓட்டை டிஸ்க் வாங்கிப் போடாதீர்கள்.

வெப்பமும் விரிசலும்

கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் அவ்வளவு தாங்காது. பிரேக் பிடித்ததும் டிஸ்க்கின் மேல்தோல் சட்டென்று சூடாகி விரியப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் குளிர்ந்த இரும்பு அதை விரிய விடுவதில்லை. தோல் நசுங்கிப்போகிறது. ஆறும்போது அந்த நசுங்கிய தோல் பற்றாமல் போய் இழுபடுகிறது. இது நூற்றுக்கணக்கான முறை நடந்தால் தோல் வெடிக்கும். சித்திரையில் வற்றிய கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடிப்பதும் இப்படிச் சுருங்கி இழுபட்டுத்தான்.

வெறும் டிஸ்க்கில் இந்த இழுவை பரப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. மயிரிழை போன்ற கோடுகள் பரவலாகத் தெரியும், ஆழமாகப் போக நாளாகும். ஓட்டை டிஸ்க்கில் அப்படி இல்லை. வட்ட ஓட்டை உள்ள ஒரு தகட்டை இழுத்தால் ஓட்டையின் விளிம்பில் இழுவை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. டிஸ்க்கில் இழுவை சுற்றுவாக்கில் இருப்பதால், விரிசல் அதற்குக் குறுக்காக, மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி ஓடும். முதலில் ஓட்டை வாயில் கண்ணிமை முடி அளவு கோடு. அடுத்து பக்கத்து ஓட்டையை எட்டும். கடைசியில் வெளி விளிம்பு. காடி முழு ஆழத்துக்கும் வெட்டப்படுவதில்லை, மேலாகத்தான் ஓடுகிறது. அதனால் இழுவை இந்த அளவுக்குக் குவியாது. ஆனாலும் விளிம்பு வரை ஓடும் காடியின் முனையைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 580 கிலோஜூல் வெப்பமாக மாறுகிறது. 70 சதவீதம் முன்சக்கரங்களுக்கு என்று வைத்தால், 8 கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே பிரேக்கில் 50 டிகிரிக்குச் சற்று மேல் சூடேறும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மேடுகூட இல்லை. அடுத்த பிரேக்குக்குள் டிஸ்க் ஆறிவிடும். இங்கே மட்டும் ஓடும் காரில் ஓட்டை டிஸ்க் வெப்பத்தால் வெடிப்பது அரிது.

அந்த நம்பிக்கையில்தான் பலர் அதே காரைக் கொடைக்கானலுக்கு ஏற்றுகிறார்கள். வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது சுமார் 1,800 மீட்டர் உயரம் குறைகிறது. அதே காருக்கு அது 100 கி.மீ. வேகத்திலிருந்து 45 முறை நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி டிஸ்க்கின் தலையில். இரண்டாம் கியரில் இறங்குவது எந்த டிஸ்க்கையும் காப்பாற்றும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கி.மீ.தான், டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். போர்ஷே 911 சாலைக் கார்களில் ஓட்டை டிஸ்க் வருகிறது. ஆனால் அதே கம்பெனியின் 911 கப் பந்தயக் காரில் இருப்பது காடி வெட்டிய டிஸ்க்.

“பைக் டிஸ்க் எல்லாமே ஓட்டைதானே, அது வெடிக்கவில்லையே?” என்று கேட்பார்கள். பைக் டிஸ்க் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இழுவை தாங்கும் உலோகம். வார்ப்பிரும்போடு அதை ஒப்பிடக் கூடாது.

உப்பும் மணலும்

இரவில் படியும் துருவைக் காலையில் நாலு பிரேக் துடைத்துவிடும். அது பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) தொடும் பரப்புக்கு மட்டும். ஓட்டையின் உட்சுவரைப் பேட் தொடுவதே இல்லை. அங்கே துரு அரித்துக் குழி விழும். அந்தக் குழி, ஏற்கெனவே மூன்று மடங்கு இழுவை தாங்கும் இடத்தில் விழுகிற வெட்டு. வெப்பத்தால் வர வேண்டிய விரிசலை உப்பு முன்கூட்டியே கூப்பிட்டுவிடுகிறது.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை சாலைக்குக் குறுக்கே மணல் பறக்கும். பேட் தூளோடு சேர்ந்து ஓட்டைக்குள் இறுகி அடைத்துக்கொள்ளும், மூங்கில் குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். விளிம்பு வரை திறந்த காடியில் மணல் பெரும்பாலும் வெளியே வீசப்படும். வெறும் டிஸ்க்கில் தங்க இடமில்லை, பரப்பில் கீறல் மட்டும் விழும்.

எந்த வகையானாலும் நடுக்குடத்திலும் (சக்கரத்தோடு பொருந்தும் மையப் பகுதி) காற்றுவழியிலும் துத்தநாகப் பூச்சு உள்ளதையே வாங்குங்கள். கார்பன் செராமிக் டிஸ்க் துருப்பிடிக்காதுதான். ஆனால் அந்த விலைக்கு இந்தச் சமதரையில் வேலை இல்லை.

மழையில் ஓட்டை டிஸ்க்குக்கு ஒரு நன்மை உண்மையிலேயே உண்டு: தண்ணீர்ப் படலம் சீக்கிரம் விலகி, முதல் மிதியிலேயே பிடிக்கும். காடியும் அதையேதான் செய்கிறது, விலையாகப் பேட்டைச் சற்று வேகமாகத் தின்னும், லேசாக ரீங்காரமும் இடும்.

லேத் பட்டறையில் கொடுத்து வெறும் டிஸ்க்கில் ஓட்டை போடவே கூடாது. துளை உள்ளே இருக்கும் காற்றுவழித் தடுப்பை உடைக்கும், வாய் சரிவாகச் சீவப்படாமல் கூராக நிற்கும், சமநிலையும் கெடும்.

பார்ப்பதும் மாற்றுவதும்

டிஸ்க் ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் கோடுகள் நிழலோடு தெரியும். ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் நகத்தை ஓட்டுங்கள். நகத்தில் தட்டாத கோடானால் அடுத்த மாதம் மறுபடி பாருங்கள். தட்டினால் மாற்றுங்கள். இரண்டு ஓட்டையை இணைத்தாலோ, உள் அல்லது வெளி விளிம்பைத் தொட்டாலோ, அந்த டிஸ்க்கோடு வண்டியை எடுக்காதீர்கள்.

தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் ஓரத்துத் துரு உதட்டில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் மாற்றி, புதுப் பேட் போடுங்கள். இந்தக் கரையில் அதிகம் தவறுவது டிஸ்க் உட்காரும் சக்கரக் குடமான ஹப்பில்தான்: அங்கே ஒட்டியிருக்கும் துருப் பொருக்கைக் கம்பி பிரஷால் தேய்க்காமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் சாய்ந்து உட்காரும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் துடிக்கும். டயல் கேஜ் வைத்து அளந்தால், சுழலும் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

பிறகு, புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, ஆளில்லாத நேரான சாலையில் வேகத்தை 60-லிருந்து 15 கி.மீ. வரை எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். அடுத்த பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் அச்சு அப்படியே பதிந்துவிடும்.

கடற்கரைக்குப் போய்வந்தால், டிஸ்க் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, நாலு முறை பிரேக் பிடித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.