ஸ்கார்பரோ கொல்லைப்புறத்தில் ஆறு வசந்தங்கள்: எது தாங்கியது, எது போனது

2020 ஏப்ரலில் வீட்டை விட்டு எங்கேயும் போக முடியாமல் இருந்தபோதுதான் நானும் என் கணவரும் எங்கள் கொல்லைப்புறத்தைச் சரியாகப் பார்த்தோம். கனடாவில் டொராண்டோ நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் பல வீடுகளுக்குப் பின்னால் இருப்பதுபோல் ஒரு சதுரப் புல்தரை, அதன் கீழே கெட்டிக் களிமண். பனி உருகிய ஈரத்தில் மண்வெட்டியைப் போட்டால் கிலோ கணக்கில் அப்பிக்கொண்டு வரும். ஜூலையில் அதே மண் ஓடு மாதிரி இறுகி வெடித்துக் கிடக்கும். மதுரைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் விதையை வீசினாலே கீரை முளைத்துப் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே அது நடக்காது என்று முதல் வாரமே புரிந்துவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும், மார்ச் தொடங்கி, மே மாதம் விக்டோரியா தின விடுமுறையோடு வரும் நீண்ட வார இறுதிக்குள் தோட்டத்தில் ஒரு பெரிய வேலை என்று வைத்துக்கொண்டோம். 2025 வசந்தத்தோடு ஆறு வருஷம். செய்ததில் எவை நிலைத்தன, எவற்றைத் தூக்கிப் போட்டோம் என்று எழுதுகிறேன். வாங்கிய முதல் கோடையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். இங்கே தோட்டச் சாமானுக்கு உண்மையான சோதனை நவம்பருக்கு மேல்தான். சில இரவுகள் மைனஸ் 20 வரை போகும். அதைவிட மோசம் மார்ச் மாதம். பகலில் உருகும், இரவில் உறையும், மண்ணும் பலகையும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் எதையும் எத்தனை குளிர்காலம் தாங்கியது என்ற கணக்கில்தான் சொல்கிறேன்.

முதலில் கட்டியது ஒரு மேட்டுப்பாத்தி. நாலுக்கு எட்டு அடி, பத்து அங்குல உயரத்துக்குச் சாதாரண பைன் பலகை, மருந்து ஏற்றாதது. நிரப்ப ஒரு கன யார்டு ‘டிரிபிள் மிக்ஸ்’ வாங்கினோம். மேல்மண், பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி), கம்போஸ்ட் மூன்றும் கலந்தது அது. இந்த ஊரில் யார்டு கணக்கில் லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்டுவார்கள். அவர் தள்ளுவண்டியில் ஏற்ற, நான் பின்னால் கொண்டுபோய்க் கொட்ட, ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. பாத்தி நிரம்பி வழிந்ததைப் பார்த்து மண் மிச்சமாகிவிடும் என்றுகூட நினைத்தோம். அடுத்த ஏப்ரலில் பார்த்தால் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. கலவையில் இருக்கும் பீட்டும் கம்போஸ்ட்டும் மட்கிக்கொண்டே போவதுதான் காரணம். அது குறை இல்லை. ஆனால் மேட்டுப்பாத்தி போடுகிறவர்கள் வருஷா வருஷம் இரண்டு மூன்று அங்குலம் கம்போஸ்ட் போடும் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பைன் பலகை மூன்று குளிர்காலம் வரை நன்றாக இருந்தது. நான்காவதில் மண் உறைந்து விரிந்து மூலைகளைத் தள்ளிவிட்டது, திருகுகள் பிடியில்லாமல் வெளியே வந்தன. ஐந்தாவது குளிர்காலம் முடிந்தபோது அடிப்பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

2021 வசந்தத்தில் இரண்டாவது பாத்தியைச் சீடர் மரத்தில் கட்டினோம். அந்த நேரம் பார்த்து மரத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. பைனுக்கு ஆனதுபோல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு செலவு. “இவ்வளவு கொடுத்து வாங்கத்தான் வேணுமா?” என்று அவர் இரண்டு தடவை கேட்டார். நான் பிடிவாதமாக இருந்தேன். நான்கு குளிர்காலம் தாண்டிவிட்டது. நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டதே தவிர, ஒரு பலகைகூட இளகவில்லை. மரம் மட்டும் காரணம் இல்லை. இந்த முறை நான்கு மூலைகளிலும் உள்பக்கமாக நாலங்குலச் சதுரக் கட்டையை நிறுத்தி, பலகைகளை அதில் மூன்றங்குலத் திருகால் முறுக்கினோம். நீளப்பக்கத்தின் நடுவிலும் ஒரு கட்டை வைத்தோம். எட்டடிப் பலகை நடுவில் வயிறு தள்ளுவதைத் தடுப்பது அதுதான்.

நாற்று விஷயத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது நிறைய. முதல் வருஷம் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் தெற்கு ஜன்னலோரம் கிண்ணங்களில் வைத்தோம். வெளிச்சம் போதாமல் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாய்ந்தன. அப்படியும் பிழைத்தவற்றை, மே முதல் வாரம் வெயில் நன்றாக அடிக்கவும், பாத்திக்கு மாற்றிவிட்டோம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, லோங் வீக்கெண்ட் வராமல் ஒண்டையும் வெளியில நடாதேங்கோ” என்றார். நட்டாகிவிட்டது. மே 9ஆம் தேதி பனித்துகள் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது தக்காளி வெந்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தது. விக்டோரியா தினம் என்பது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. அன்றுமுதல் எங்கள் வீட்டில் அதுதான் எல்லைக்கோடு. கத்தரிக்கும் பாகலுக்கும் அதுவும் போதாது. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத நாள் வரட்டும் என்று ஜூன் முதல் வாரம் வரை பொறுத்திருப்போம்.

2021இல் பேஸ்மென்டில் ஒரு கம்பி அலமாரி, அதில் நாலடி எல்இடி விளக்கு இரண்டு, கீழே விதைத்தட்டைச் சூடாக வைக்க ஒரு ஹீட் மேட். நாற்று விளக்கு என்று தனியாக விற்கிறார்களே, அது இல்லை; பட்டறைகளில் மாட்டும் சாதாரண வெள்ளை விளக்கு. ஐந்து வசந்தமாக அதே இரண்டு விளக்குகள்தான். இலைக்கு மேலே நாலைந்து அங்குலத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளரச் சங்கிலியை ஏற்றுவோம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரியும். ஹீட் மேட் இல்லாத காலத்தில் கத்தரி விதை முளைக்க மூன்று வாரம் எடுத்தது, சிலது முளைக்கவே இல்லை. இப்போது பத்து நாளுக்குள் தலைகாட்டிவிடுகிறது. கொல்லையில் செலவழித்த எல்லாவற்றிலும் காசுக்கு அதிகம் உழைத்தது எது என்று கேட்டால் தயங்காமல் இந்த அலமாரியைச் சொல்வேன்.

ஒரு வருஷம் மட்டும் நாற்றழுகல் வந்து ஒரு தட்டு முழுக்கத் தண்டு அடியில் மெலிந்து சாய்ந்துபோனது. மேலிருந்து தண்ணீர் தெளித்ததும், காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம். அடுத்த வருஷத்திலிருந்து தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுகிறோம். ஒரு சின்ன மேசை விசிறி மெதுவாக ஓடும். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

2022 வேலை மழைநீர்ப் பீப்பாய். டொராண்டோவில் கூரைத் தண்ணீர்க் குழாயை வடிகாலோடு இணைத்து வைக்கக்கூடாது, பிரித்துவிட வேண்டும் என்பது நகராட்சி விதி. அதனால் எங்கள் குழாய் ஏற்கெனவே புல்தரையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்தோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரையில் பாதி, அதாவது 40 சதுர மீட்டர், அந்தக் குழாய்க்கு வருகிறது. 5 மில்லிமீட்டர் மழைக்கே பீப்பாய் நிறைந்துவிடும். முதல் மழையில் அது நிறைந்து வழிந்ததைக் குடையோடு நின்று இரண்டு பேரும் பார்த்தோம்.

ஆனால் பீப்பாயில் இரண்டு விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நிறைந்தால் 200 கிலோ எடை. பனி உருகி இளகிய மண்மேல் இரண்டு சிமெண்ட் கல்லை வைத்து அதில் ஏற்றியிருந்தோம். ஒரு வாரத்தில் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துவிட்டது. மண்ணைத் தோண்டிச் சரளை போட்டு இடித்து, நடைபாதைக் கல்லைச் சமமாகப் பதித்த பிறகுதான் நின்றது. இன்னொன்று அழுத்தம். பீப்பாயிலிருந்து சொட்டுநீர்க் குழாய்க்கு இணைத்துவிடலாம் என்ற கனவோடுதான் வாங்கினோம். இரண்டடி உயரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு 1 பிஎஸ்ஐ அழுத்தம்கூட இருக்காது, சொட்டுநீர்க் குழாய்க்கு அதைப்போல் பத்து மடங்காவது வேண்டும். இப்போது பூவாளியில் பிடித்துத் தொட்டிச் செடிகளுக்கு மட்டும் ஊற்றுகிறோம். கறிவேப்பிலைக்கு அந்தத் தண்ணீர்தான். முதல் குளிர்காலம் அடியில் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டதால் பிளாஸ்டிக் குழாய்த்திருகு வெடித்துப் போனது. பித்தளையில் மாற்றினோம். அக்டோபர் கடைசியில் முழுக்க வடித்துக் கவிழ்த்து வைக்கிறோம். கொசுவுக்கு மேலே நெருக்கமான வலை அவசியம். பயனுள்ள பொருள்தான், ஆனால் தோட்டம் முழுக்க இதை நம்பி இருக்க முடியாது.

தண்ணீர் பாய்ச்ச முதலில் வாங்கியது கசியும் ரப்பர் குழாய். இரண்டே குளிர்காலம். ஓரிடத்தில் பீய்ச்சியடித்தது, பத்தடி தள்ளி ஒரு சொட்டுகூட இல்லை. இப்போது இருப்பது அரை அங்குலக் குழாயில் அடிக்கொரு துளை வைத்து வரும் சொட்டுநீர்க் குழாய். குளிர்காலம் வருமுன் குழாயைப் பாத்தியிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் வடித்துவிடுவோம்; டைமரையும் அழுத்தம் குறைக்கும் கருவியையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோம். இரண்டு நிமிஷ வேலை, மறக்கக்கூடாது.

எங்கள் இரண்டு பேருக்கும் மிகப் பிடித்தது 2023இல் போட்ட பந்தல். அதற்கு முன்னால் பாகலுக்கும் பயத்தங்காய்க்கும் நைலான் வலை கட்டுவோம். அக்டோபரில் காய்ந்த கொடியை அதிலிருந்து பிரிக்க முடியாமல் வலையோடு வெட்டி எறிவோம், அடுத்த வருஷம் புது வலை. பிளாஸ்டிக் குப்பையாகப் போகிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். அந்த வசந்தத்தில் மாட்டுப்பண்ணை வேலிக்குப் போடும் கனத்த கம்பிச்சட்டம் ஒன்றைப் பண்ணைச் சாமான் கடையில் வாங்கினோம். பதினாறு அடி நீளம், நாலடிக்குச் சற்று மேல் அகலம், துத்தநாகம் பூசியது. காரில் வராது, நண்பரின் டிரெய்லரில் வந்தது. இரண்டு பாத்திகளுக்கு நடுவே வில்லாக வளைத்து, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்களை அடித்துக் கட்டினோம். வளைக்கும்போது விட்டால் சாட்டை மாதிரித் திரும்பி அடிக்கும், அதனால் இரண்டு பேர் கண்டிப்பாக வேண்டும், கையுறையும் வேண்டும். கம்பம் அடிப்பதற்கு முன்னால் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ என்ற சேவைக்குச் சொல்லிவிட்டோம். பூமிக்கடியில் கேஸ், மின்சாரம், தொலைபேசி இணைப்பு எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறியிட்டுத் தருகிறார்கள். எங்கள் கேஸ் குழாய், நாங்கள் கம்பம் அடிக்க நினைத்த இடத்துக்கு ஓரடி தள்ளித்தான் போகிறது. இதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள்.

இப்போது ஒரு பக்கம் பாகல், மறுபக்கம் ஆன்ட்டி கொடுத்த பயத்தங்காய் விதை, ஓரத்தில் ஒரே ஒரு சுரை. நடுவில் குனியாமல் நடந்துபோய்க் காய் பறிக்கலாம். ஆகஸ்டில் அந்த வளைவுக்குள் நின்றால் ஊர் நினைவு வருவதைத் தடுக்க முடியாது. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். பகலில் வரும் தேனீக்களால் அதற்குப் பயன் குறைவு. முதல் வருஷம் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தன. பிறகு சாப்பாடு முடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்துவிட ஆரம்பித்தோம். அதிலிருந்து ஒரு பிஞ்சும் வீணாவதில்லை. பந்தலுக்கு இதுவரை இரண்டு குளிர்காலம். துரு இல்லை, அசைவு இல்லை. அக்டோபரில் கொடியை அடியில் அறுத்துவிட்டு, காய்ந்ததும் உருவினால் வந்துவிடுகிறது.

அணில்களைப் பற்றி ஒரே வரி: விதை ஊன்றிய அன்றே அரை அங்குலக் கம்பி வலையைப் படுக்கவைத்து மூடுங்கள், நாங்கள் முயன்ற மிளகாய்த்தூள் ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை.

2025 வேலை, உளுத்துப்போன பைன் பாத்தியைப் பிரித்துச் சீடரில் மறுபடி கட்டுவது. ஏப்ரல் கடைசியில் மண்ணையெல்லாம் தார்ப்பாயில் அள்ளிவைத்தோம். அடியில் பழைய களிமண்தான் இருக்கும், அதை உடைக்க வேண்டும் என்று அவர் கடப்பாரையோடு வந்திருந்தார். மண்வெட்டியை வைத்து அழுத்தியதும் அது பாட்டுக்கு ஓரடி இறங்கிவிட்டது. கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழுக்களோடு. ஐந்து வருஷம் மேலே போட்ட கம்போஸ்ட்டும், உள்ளே விட்ட வேர்களும் அந்தக் களிமண்ணை மாற்றியிருந்தன. “ஏய், இங்க வந்து பாரேன்” என்று அவர் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. கடப்பாரையைத் திரும்பக் கொண்டுபோய் ஷெட்டில் வைத்துவிட்டோம். இந்த முறை மேலே நிரப்ப அரை யார்டு மண்தான் தேவைப்பட்டது.