ஸ்ட்ரீக்கா, பரிசா, கதையா, துணையா? கோத்தகிரிக் குளிரில் எது நிற்கும்

"காலை 5 மணிக்கு எழுந்து நட" என்று சொல்லும் சுயமுன்னேற்றப் புத்தகத்தைக் கோத்தகிரியில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் தேயிலைத் தோட்ட ஓரம் கரடி நிற்கலாம், வளைவில் திரும்பினால் காட்டெருமை நிற்கலாம். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டுகிற மழையைத் தொட்டபெட்டா மலை மறித்துவிடுவதால் நமக்கு மழைக்காலம் என்றால் அக்டோபருக்கு மேல்தான், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் டிசம்பர் குளிர் வந்துவிடும். அதனால் நடைப்பயிற்சியோ, இங்கிலீஷ் பேசப் பழகுவதோ, டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பதோ, எதுவானாலும் வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்கினால் நவம்பரைத் தாண்டாது. செய்கிற நேரத்திலேயே அது நமக்குப் பிடிக்க வேண்டும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கேட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. தீர்மானம் எடுக்கும்போது எல்லோரும் பிற்காலப் பலனைத்தான் சொல்கிறார்கள், ஆனால் யார் தொடர்ந்து செய்கிறார் என்று பார்த்தால், பலன் பெரியது என்று நினைத்தவர் இல்லை, செய்யும்போதே சந்தோஷப்பட்டவர்தான்.

சரி, அந்தச் சந்தோஷத்தை எப்படிக் கொண்டுவருவது? பலரும் சொல்லும் வழிகள் நான்கு. மூன்று கேள்விகளை வைத்து அவற்றைப் பார்க்கலாம்: ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும், மழையைத் தாண்டுமா, முட்டுக்கொடுத்ததை எடுத்துவிட்டாலும் நிற்குமா?

முதலில் செயலிகளின் ஸ்ட்ரீக். தினமும் தொட்டால் எண் ஏறும், ஒரு நாள் விட்டால் பூஜ்யம். ஆரம்ப வாரங்களில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஏனென்றால் இங்கிலீஷ் வந்ததா இல்லையா என்று நமக்கே தெரியாத காலத்தில் அந்த எண்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வளர்ச்சி. சிக்கல், விட்டுப்போகிற நாளில் வருகிறது. மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் சேர்ந்து போன ராத்திரியில் எண் அறுந்தால், மறுநாள் பாடத்தைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும். உண்மையில் அந்த ஒரு நாளால் எதுவும் கெட்டுப்போவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றும் அதிலேயே வந்தது. ஆக, தவறிய ஒரு நாளுக்கு ஸ்ட்ரீக் போடுகிற தண்டனை தேவையில்லாதது. முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது பரிசு. நடந்து முடித்தால் டீயும் வர்க்கியும், ஒரு பாடம் முடித்தால் ஒரு எபிசோட். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1973இல் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு வைத்தால் பிடிப்பு குறைகிறது. பிடிக்காத வேலைக்கு, வருமான வரிக் கணக்குப் பார்ப்பது மாதிரி, தாராளமாக வைக்கலாம்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: பிடித்ததையும் செய்ய வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. ஆசையாகக் கேட்கும் ஒலிக்கதையை நடக்கும்போது மட்டும்தான் கேட்பேன் என்று வைத்துக்கொள்வது. பரிசு வேலை முடிந்த பிறகு வருகிறது, இது வேலையோடு சேர்ந்தே வருகிறது, வித்தியாசம் அங்கேதான். கேட்டி மில்க்மனும் அவர் குழுவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜிம்மில் மட்டுமே கேட்க முடிகிற மாதிரி ஒலிப்புத்தகம் கொடுக்கப்பட்டவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். ஆனால் நடுவில் விடுமுறை வந்ததும் அந்த வேகம் கரைந்துபோனது. நம் ஊரில் அந்த விடுமுறை தீபாவளி, கூடவே அடைமழை. மழைக்காலத்துக்கு நடையை விட்டுவிட்டு அதே கதையை வீட்டு வேலையோடு, துணி மடிப்பதோடு, கட்டிக்கொள்ளலாம். இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: எஸ்டேட் ரோட்டில் இரண்டு காதிலும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். புதருக்குள் சத்தம் கேட்டால் நமக்குக் கேட்க வேண்டும்.

நான்காவது துணை. இதில் இழப்பும் அதிகம், லாபமும் அதிகம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவும், பக்கத்து ஸ்டேஷனரிக் கடைப் பெண்ணும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் பற்றி மட்டும் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள்.

"யெஸ்டர்டே ஒன் கஸ்டமர் கேம். ஷி வான்ட் சேலை ஃபால்ஸ்."

"வான்ட் இல்லக்கா, வான்டட்."

"சரி கண்ணு, வான்டட். பட் நோ மேச்சிங் கலர்!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டு அடுத்த கஸ்டமருக்குப் போகிறார்கள். அவரவர் பார்த்ததைத்தான் பேசுகிறார்கள், திருத்துவதிலும் நக்கல் இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் இருவரின் உளவியல் கோட்பாடு மனிதருக்குத் தேவை என்று சொல்வது மூன்று: தன் விருப்பம், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, மனிதரோடு ஒட்டுதல். மூன்றும் அந்தக் கடை வாசலில் கிடைக்கிறது. ஸ்ட்ரீக்கில் நடுவிலுள்ளது மட்டும்தான் கிடைக்கும், அதுவும் எண் அறுகிற வரைக்கும்.

துணையில் ஆபத்து, அவர் வராத நாளில் நாமும் போர்வைக்குள் திரும்பிவிடுவது. அதனால் இரண்டு பேரைவிட மூன்று பேர் நல்லது. நம்மைவிட ரொம்பத் தேர்ந்தவரோடு சேர்ந்தால் வாயே திறக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைக்குத் துணை தேடுபவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு, பறவை. கோத்தகிரிப் பக்கத்து 116 ஹெக்டேர் லாங்வுட் சோலைக்காடு 2024இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், ஆனால் ஊர்ப்பக்கத்துப் புதரிலேயே நீலகிரி சிரிப்பானின் சத்தத்தைக் கேட்கலாம். "இது எந்தப் பறவை" என்று மூன்று பேர் நின்று வாதாடும்போது யாரும் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுவதில்லை. பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டால், மழை ஓய்ந்த ஜனவரியில் மறுபடி ஆரம்பிக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

எனவே என் வரிசை: துணை, அப்புறம் கதையைக் கட்டுவது, அப்புறம் ஸ்ட்ரீக், கடைசியில் பரிசு. டீ ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கு மட்டும் முதல் இரண்டையும் இடம் மாற்றிச் சொல்வேன், அவர்கள் நேரத்துக்குத் துணை கிடைப்பது கஷ்டம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் வெயில் ஏறிய பிறகு, ஒரு காதில் மட்டும் கதையை வைத்துக்கொண்டு நடக்கட்டும்.