காப்புரிமை ஆவணத்துக்கு எந்தத் தளத்தின் இணைப்பைத் தருவது?

கட்டுரைகளில் காப்புரிமை (பேட்டண்ட்) ஆவணங்களை மேற்கோள் காட்டுவோர், கூகுள் பேட்டண்ட்ஸ், ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப், அமெரிக்க அலுவலகத்தின் தேடுதளம் ஆகியவற்றில் ஒன்றுக்கே பெரும்பாலும் இணைப்புத் தருகிறார்கள். நான்கும் இலவசம் என்பதால் செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் பராமரிக்கும் மேற்கோள் பட்டியலுக்குக் கூகுளைத் தேர்ந்தெடுத்தேன்.

அரசு அலுவலகத்தின் தளமே நிலைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அமெரிக்க அலுவலகம் தன் பழைய தேடுதளத்தை 2022 செப்டம்பர் இறுதியில் மூடியபோது, அதற்குச் சென்ற இணைப்புகள் பயனற்றுப் போயின. அவற்றைச் சீர்செய்ய வழி இருந்ததென்றால், அந்த நீண்ட முகவரிகளுக்குள் காப்புரிமை எண் இடம்பெற்றிருந்ததே காரணம். ஆகவே, எந்த இணைப்பும் ஒருநாள் முறியும் என்று வைத்துக்கொண்டு, முறிந்த முகவரியிலிருந்தே ஆவணத்தை மீண்டும் தேடிப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

இதில்தான் கூகுள் முந்துகிறது. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜின், இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் 'பக்கத் தரவரிசை'க் காப்புரிமைக்கு, தளப்பெயரையும் 'பேட்டண்ட்' என்ற சொல்லையும் அடுத்து 'யூஎஸ்6285999பி1' என்று இட்டாலே போதும். நாட்டுக்குறி (யூஎஸ்), எண், ஆவணத்தின் வகைக்குறி (பி1) மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன, இவற்றைக் கொண்டு பிற தளங்களிலும் தேடலாம். வகைக்குறியை மட்டும் விட்டுவிடக் கூடாது: ஐரோப்பிய ஆவணங்களில் ஏ1 என்பது விண்ணப்பம், பி1 என்பது வழங்கப்பட்ட உரிமை, இரண்டின் உரிமைக் கோரல்களும் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் பகுதி) வேறுபடலாம். தேடல் முடிவிலிருந்து திறந்த பக்கமானால், முகவரியில் கேள்விக்குறி தொடங்கி வரும் பகுதி முழுவதையும் வெட்டிவிட வேண்டும். இல்லையேல் நாம் தேடிய சொற்களும் வாசகருக்குப் போய்ச் சேரும்.

எஸ்பேஸ்நெட்டிலும் வெளியீட்டு எண் முகவரியில் உண்டு. ஆனால் தேடிச் சென்றால் குடும்ப எண்ணும் (ஒரே கண்டுபிடிப்புக்கான பல ஆவணங்களைத் தொகுக்கும் எண்) தேடல் தொடரும் சேர்ந்துகொள்வதால், சுருக்கும் வேலை கூடுதல். பேட்டண்ட்ஸ்கோப்பைப் பன்னாட்டு விண்ணப்பங்களுக்கு நம்பலாம்; அங்கே ஆவண அடையாளம் வெளியீட்டு எண்ணே. தனித்தனி நாடுகளின் ஆவணத் தொகுப்புகளுக்கோ தளத்தின் உள் எண் வருகிறது, அது முறிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. லென்ஸ் என்ற மற்றொரு காப்புரிமைத் தேடுதளத்தை நான் அதிகம் பயன்படுத்தாததால் அதைத் தரவரிசையில் சேர்க்கவில்லை.

உரிமை நடப்பில் உள்ளதா என்பதே பேச்சானால் என் தேர்வு மாறும். கூகுள் காட்டும் சட்டநிலை வெறும் அனுமானமே என்று அத்தளமே அறிவிக்கிறது. அத்தகைய இடங்களில் அந்தந்த அலுவலகப் பதிவேட்டின் இணைப்பையே தருகிறேன், வெளியீட்டு எண்ணை அருகில் எழுத்திலும் குறிப்பிட்டு.