கப்பல் டூர்னு சொல்லி 6,40,000 ரூபாயை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, நம்ம ஊர்க்காரங்க உஷாரா இருங்க

வயிறு எரியுதுங்க. ஈரோட்டுல பளபளன்னு கண்ணாடிக் கதவு போட்ட ஒரு டிராவல்ஸ். மத்தியதரைக் கடல் கப்பல் பயணம், அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் 6,40,000 ரூபாய். ஏதென்ஸ் பக்கம் பிரேயஸ்ல ஏறி துருக்கியில எபேசஸ், கிரீஸோட ரோட்ஸ் தீவு, எகிப்துல அலெக்சாண்டிரியா பார்த்துட்டு மறுபடி பிரேயஸ்.

அப்பா ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார். அந்தக் காலத்துக் கொடுமணல் மணிப் பட்டறை, படியூர் பச்சைக்கல், வெள்ளலூர்ல கிடைச்ச ரோமானியக் காசு, வீட்டுல எந்நேரமும் இதே பேச்சுதான். அதை அந்த டிராவல்ஸ்காரன் காபி வரவெச்சு, பொறுமையா உட்கார்ந்து கேட்டான். கேட்டுட்டு, "ஏனுங்கய்யா, நம்ம நொய்யக்கரைக் கல்லெல்லாம் கேரளக் கரையில இருந்த முசிறித் துறைமுகத்துல கப்பலேறி, செங்கடல் போய், நைல் ஆத்து வழியா அலெக்சாண்டிரியாவுக்குத்தானுங்க போச்சு? அந்த மண்ணுல உங்களை நிறுத்தறது என் பொறுப்புங்க"ன்னான். அப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. டெபாசிட்டை உடைச்சு முழுப் பணத்தையும் கட்டிட்டாரு.

புக்கிங் நம்பர் வந்துச்சு, விசாவும் வந்துச்சு. கப்பல் கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேட்டா, பணமே வரலை, அந்த ரூமை எப்பவோ ரத்து பண்ணிட்டோம்ங்கறாங்க!

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. "சர்வர் பிரச்சனைங்ணா." "ஓனர் சென்னை போயிருக்காருங்க." "ஆடி கழியட்டுங்ணா, செக் போட்டுடலாம்." அப்பா பஸ் ஏறி நேர்ல போனா, "பெரியவங்க எதுக்குங்க அலையறீங்க, வாட்ஸ்அப்ல போடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. போட்டா பிளாக். எழுபது வயசு மனுசனை வெளி பெஞ்சுல உட்கார வெச்சே திருப்பி அனுப்பியிருக்காங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. 6,40,000 ரூபாய்ங்க, ஒரு வாத்தியாரோட சேமிப்பு.

இன்னும் கேளுங்க. எடுத்துக் கொடுத்தது ஒரு தடவை மட்டும் நுழையற ஷெங்கன் விசா, அதாவது கிரீஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. கிரீஸை விட்டுத் துருக்கி போயிட்டு ரோட்ஸ்ல இறங்க ரெண்டாவது நுழைவு, எகிப்து போயிட்டுத் திரும்பி பிரேயஸ்ல இறங்க மூணாவது நுழைவு வேணும். நெசமாவே கூட்டிட்டுப் போறவன் இப்படி விசா எடுப்பானா? அவங்க நோட்டீஸ்ல 'எபேசஸ் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்'னு வேற போட்டிருக்கு. அந்தத் துறைமுகம் வண்டல் மூடிப் பல நூறு வருசம் ஆச்சு, கப்பல் நிக்கறது பக்கத்து ஊரு குஷாதாசியில.

விவரமா எழுத இப்ப மனசு இல்லை. புக்கிங் நம்பரைக் கப்பல் கம்பெனிகிட்ட நீங்களே கேளுங்க. அங்க பணம் சேர்ந்ததுக்கு ரசீது பார்க்காம மீதியைக் கட்டாதீங்க. விசாவுல எத்தனை நுழைவுன்னு பாருங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தாச்சு, அடுத்து போலீஸ். அதே ஆபீஸ்ல யாராவது பணம் கட்டியிருந்தா உடனே கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்தே போலாம்.