அலாஸ்கா க்ரூஸ்ல பின்பக்க பால்கனி ரூம்: கூட குடுக்கற காசுக்கு தகுமா?

அலாஸ்கா க்ரூஸ் புக் பண்றவங்க எல்லாரும் மண்டைய உடைச்சுக்கறது இடது பக்கம் ரூம் எடுக்கலாமா வலது பக்கம் எடுக்கலாமான்னுதான். நாங்க ரெண்டும் வேணாம்னு கப்பலோட கடைசில, பின்னாடி பாத்தாப்ல இருக்கற பால்கனி ரூம் எடுத்தோம், ஆஃப்ட் பால்கனின்னு சொல்வாங்க. வான்கூவர்ல ஏறி ஜூனோ, ஸ்காக்வே, க்ளேசியர் பே, கெட்சிகன் எல்லாம் பாத்துட்டு திரும்ப வான்கூவர்லயே இறங்கற ஒரு வார ரூட், ஜூன் மாசம், நான், வீட்டுக்காரர், ஊர்லேந்து வந்திருந்த எங்க அத்தை, அதாவது மாமியார். கப்பல் பேரு கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா நடுவுல கொஞ்சம் திட்டவும் போறேன், அதோட இதுல பாதி விஷயம் எந்த கப்பலுக்கும் பொதுதான்.

மொதல் நல்ல விஷயம் காத்து. ஜூன்லயும் அங்க பகல்ல 15 டிகிரி வந்தாலே பெருசு, அதுல கப்பல் ஓடற வேகத்துக்கு சைடு பால்கனில நின்னா ஐஸ் காத்து மூஞ்சில அடிக்கும், ஃபோட்டோ எடுத்துட்டு உள்ள ஓடி வந்துடுவீங்க. பின்பக்கத்துல அவ்வளவு பெரிய கப்பலே காத்த மறைச்சுக்கும், ஒரு ஸ்வெட்டரும் ஷாலும் போதும், அத்தை டீய வச்சுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருந்தாங்க. ஒன்னு, கப்பல் நின்னுட்டா இந்த சௌகரியம் போயிடும், க்ளேசியர், அதாவது பனியாறு, முன்னாடி நிக்கறப்போ எல்லாருக்கும் ஒரே குளிர்தான். (டீ பத்தி ஒரு வார்த்தை, கெட்டில் எடுத்துட்டு போகாதீங்க, பெரும்பாலான கப்பல்ல பெட்டி செக் பண்றப்போவே புடிச்சு வச்சுடுவாங்க, பஃபே மாடிலேந்து ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி புடிச்சுக்கலாம்.)

ரெண்டாவது, காட்சி. சைடு ரூம்ல ஒரு கரைதான் தெரியும். பின்னாடி ரூம்ல ரெண்டு கரையும் தெரியும், நடுவுல கப்பல் கிழிச்சுட்டு வந்த வெள்ளை நுரை கோடு கண்ணுக்கு எட்ற வரைக்கும் நீண்டு கிடக்கும். இன்சைடு பாசேஜ் பூரா தீவுக்கு நடுவுல குறுகலா போற கடல் வழி, அதனால இந்த ரூட்டுக்குன்னே அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கு. வான்கூவர்ல கிளம்பினதும் கப்பல் லயன்ஸ் கேட் பாலத்துக்கு அடில போகும், 1938ல திறந்த பழைய தொங்கு பாலம், தண்ணிலேந்து 61 மீட்டர் உசரம்தான், கப்பல் புகைபோக்கி இடிச்சுடும் போலவே இருக்கும். முன்னாடி டெக்ல கூட்டம் கூட்டமா நின்னு கைதட்டினாங்க, எங்களுக்கு அது தலைக்கு மேல கடந்து போனப்புறம் பாலமும் ஸ்டான்லி பார்க்கும் பின்னாடி ஊரும் சேந்து ஒரே ஃப்ரேம்ல வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரியே சீமோர் நேரோஸ்னு ஒரு குறுகலான கடல் வழி. நீரோட்டம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வரைக்கும் போற இடம், அதனால ஓட்டம் அடங்கற நேரமா பாத்துதான் கப்பல விடுவாங்க. அங்க தண்ணிக்கடில ரிப்பிள் ராக்னு ஒரு பாறை எத்தனையோ கப்பல முழுங்கியிருக்கு, 1958ல சுரங்கம் தோண்டி வெடி வச்சு தகர்த்தாங்க. ஜூன்ல அந்த நேரத்துல வானத்துல கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும், கப்பல் போன தடத்துல தண்ணி வட்ட வட்டமா சுழிக்கறது எங்க பால்கனிலேந்து அப்படியே தெரிஞ்சுது. வீட்டுக்காரர் தூங்க போயிட்டாரு, விடுங்க.

க்ளேசியர் பேதான் பெரிய கேள்வி. ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் உள்ள அனுமதி, காலைல அந்த நேஷனல் பார்க்கோட ரேஞ்சர்ஸ் வந்து ஏறி மைக்ல பேசிட்டே வருவாங்க. மார்ஜரி க்ளேசியர் முன்னாடி கேப்டன் கப்பல நிறுத்தி மெதுவா திருப்புவாரு, எல்லா பக்கமும் பாக்கணும்னு. பின்னாடி ரூம்காரங்களுக்கு அந்த திருப்பத்துல கிடைக்கறது கொஞ்ச நேரம்தான், மத்த நேரம் டெக்குக்கு ஏறிடணும், இதுல சந்தேகமே வேணாம். ஆனா திரும்பி கிளம்பறப்போ ஆட்டம் மாறிடும். சைடு பால்கனிக்காரங்களுக்கு அஞ்சு பத்து நிமிஷத்துல க்ளேசியர் கண்ண விட்டு போயிடும், டெக்ல இருந்த கூட்டம் சூப் குடிக்க உள்ள போயிடும், எங்களுக்கு மட்டும் அந்த நீல சுவர் நேர் எதிர்ல ரொம்ப நேரம் இருந்துச்சு. அப்போதான் ஒரு துண்டு இடிஞ்சு விழுந்துச்சு, தண்ணி மேல எழும்பறத பாத்து முடிச்சப்புறம்தான் சத்தம் வந்து சேருது, அவ்வளவு தள்ளி வந்துட்டோம். 1700கள்ல இந்த வளைகுடா முழுக்க ஐஸ்தான், இப்போ வாசல்லேந்து மார்ஜரி 100 கிலோமீட்டருக்கு மேல உள்ள இருக்கு, பின்னாடி பாத்துட்டே அவ்வளவு தூரமும் வெளில வந்தா எவ்வளவு உருகியிருக்குன்னு ரேஞ்சர் சொல்லாமலே புரியும்.

இப்போ திட்டு.

ஆட்டம். கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கறப்போ நடு கப்பல் அவ்வளவா அசையாது, ரெண்டு முனையும்தான் ஆடும். இன்சைடு பாசேஜ்க்குள்ள ஒன்னும் தெரியல, ஆனா குவீன் ஷார்லட் சவுண்ட்னு ஒரு இடம், தீவு மறைப்பு இல்லாம பசிபிக் நேரா வந்து மோதும், அங்க சில மணி நேரம் அத்தை படுத்தவங்க எந்திரிக்கல. நல்லவேளை இஞ்சி மொரப்பா கொண்டு வந்திருந்தாங்க. தலைசுத்தல் இருக்கற பெரியவங்களுக்கு காட்சி எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்த ரூம் வேணாம், நடுவுல கீழ் மாடில எடுங்க.

அதிர்வு இன்னொரு ரகம். ஓடறப்போ மெல்லிசா ஒரு உறுமல், அது தூக்கத்துக்கு தாலாட்டுன்னே வச்சுக்கலாம். ஆனா விடிகாலைல துறைமுகத்துல ஒட்டறப்போ ப்ரொப்பல்லர முன்னும் பின்னும் போட்டு திருப்புவாங்க பாருங்க, டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடுது. கீழ் மாடின்னா இன்னும் மோசம், ஏன்னா கயிறு கட்டற இடம் பின்பக்கத்துல கீழதான் இருக்கும், கயிறு இழுக்கற வின்ச் மெஷின் சத்தத்துக்கு அலாரமே தேவையில்ல.

சரி மேல போயிடலாம்னா அங்க வேற பிரச்சினை. நாங்க எடுத்தது பஃபே மாடிக்கு நேர் கீழ. நிறைய கப்பல்ல பின்பக்கத்துல மேல நீச்சல் குளம், பார், வெளில உக்காந்து சாப்பிடற இடம் எல்லாம் இருக்கும், காலைல ஆறு மணிக்கெல்லாம் நாற்காலி இழுக்க ஆரம்பிச்சாங்க. "மேல யாரும்மா விடியறதுக்குள்ள கட்டில இழுத்து போடறா"ன்னு அத்தை கேட்டாங்க. போதாக்குறைக்கு பேக்கன் வாசனை பால்கனி வரைக்கும் இறங்கி வரும், சைவக்காரங்க வீட்டுக்கு அது காலை காபிய கெடுத்துடும்.

எனக்கு நெஜமாவே கோவம் வந்தது கரி விஷயத்துல. முன்னாடிலேந்து காத்து அடிச்சா புகைபோக்கி புகை பால்கனி மேலயே இறங்குது, வெள்ளை நாற்காலில பொட்டு பொட்டா கருப்பு, என் ஷால்ல ஒட்டினது இன்னும் போகல. ரூம் பையன் பாவம் தினம் துடைச்சான், துடைச்சு அவன் அந்த பக்கம் போறதுக்குள்ள மறுபடி ரெண்டு பொட்டு. கவுன்டர்ல போய் சொன்னா வெளில இருக்கற எடத்துல அப்படித்தான் இருக்கும்னு சிரிச்ச முகமா ஒரு பதில். கூட காசு வாங்கறப்போ இத ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல?

இன்னொன்னு, திமிங்கலம். கேப்டன் மைக்ல முன்னாடி வலது பக்கம் ஹம்ப்பேக்னு சொல்லுவாரு, கப்பலே ஓன்னு கத்தும், நமக்கு வெறும் நுரைதான் தெரியும். கொஞ்சம் பொறுத்தா தூரத்துல மூச்சு விடற தண்ணி தெரியும், சில நேரம் வாலும் தெரியும், பைனாகுலர் இல்லாம போனா அதுவும் இல்ல. அதே மாதிரி கப்பல் மூக்குக்கு முன்னாடி விளையாடற டால்ஸ் போர்ப்பாய்ஸ், டால்பின் மாதிரி சின்ன ஜீவன், அதெல்லாம் நம்ம கண்ணுல படாது.

நடை பத்தி சொல்லணும்னா, சாப்பாட்டு ஹால் எங்க கப்பல்ல பின்னாடிதான், லிஃப்ட்ல இறங்கினா டேபிள். தியேட்டர் மூக்குல இருக்கு, அத்தைக்கு ரெண்டு தடவை உக்காந்து உக்காந்து போற தூரம்.

அடுத்த தடவையும் ஆஃப்ட்தான் எடுப்பேன், ஆனா கப்பலோட மாடி ப்ளான் படத்த விரிச்சு வச்சுக்கிட்டு. நடு மாடி, மேலயும் கீழயும் ரூமாவே இருக்கணும், பாரும் இருக்க கூடாது கயிறு கட்டற இடமும் இருக்க கூடாது. சில கப்பல்ல பின்பக்கம் படிக்கட்டு மாதிரி சரிஞ்சு வரும், கீழ் பால்கனி பெருசா இருக்கும், அதுல பாதி எடம் கூரை இல்லாம திறந்து இருக்கும், வெயில் நல்லா விழும், ஆனா மேல நிக்கறவங்க நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு வரைக்கும் பாக்கலாம். லுங்கியோட உக்கார ஆசைப்படறவங்க யோசிச்சுக்கோங்க. அப்புறம் பேருல ஆஃப்ட்னு இருக்கறதாலேயே பின்னாடி பாத்த ரூம்னு நம்பிடாதீங்க, நிறைய கம்பெனில பின்பக்கத்துக்கு கிட்ட இருக்கற சைடு ரூமையும் அதே பேருல விக்கறாங்க, படத்துல கப்பலோட கடைசி கோட்டுல ரூம் நம்பர் இருக்கான்னு கண்ணால பாருங்க. கேரண்டின்னு சல்லிசா ஒரு டிக்கெட் காட்டுவாங்க, அதுல ரூம அவங்கதான் ஒதுக்குவாங்க, இந்த மாதிரி தேர்ந்தெடுத்து எடுக்கறவங்களுக்கு அது சரிப்படாது. இந்த ரூம்கள் எண்ணிக்கையும் கம்மி, சீக்கிரம் காலியாகிடும்.

சியாட்டில்லேந்து கிளம்பற கப்பல்ல நிறைய வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமா திறந்த கடல்ல போகும், ஆட்டமும் கூட, ரெண்டு கரை காட்சியும் கம்மி, அதுல பின்பக்கத்துக்கு கூட காசு நான் குடுக்க மாட்டேன். அந்த ரூட்லயும் விக்டோரியா மாதிரி ஒரு கனடா துறைமுகத்துல நிறுத்தியே ஆகணும், அதனால ஊர்லேந்து வர்ற அப்பா அம்மாவுக்கு கனடா விசா எப்படியும் வேணும், அந்த அலைச்சல் மிச்சமாகும்னு நெனச்சு சியாட்டில் பக்கம் போகாதீங்க.

திசையும் பாருங்க, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஜூன்ல சூரியன் வடமேற்குல மறையும். வான்கூவர்லேந்து மேல போறப்போ நம்ம பால்கனி தென்கிழக்க பாத்து இருக்கும், சாயங்காலம் பூரா நிழல்தான், காலைல மட்டும் வெயில். கெட்சிகன் தாண்டி கீழ இறங்கறப்போதான் ராத்திரி ஒன்பதரை வாக்குல சூரியன் நேரா நுரை கோட்டு மேல இறங்குது. அதனால ஒரு வழி மட்டும் போற டிக்கெட் எடுக்கறவங்க, அலாஸ்கால வடக்க இருக்கற விட்டியர்லயோ சீவர்ட்லயோ ஏறி வான்கூவர் பக்கம் வர்ற கப்பலா பாத்து பின்பக்கம் எடுங்க, மேல போற கப்பல்னா வலது பக்கத்துல சாதா பால்கனி போதும், கரை அந்த பக்கம்தான், மிச்சமாகற காசுல ஸ்காக்வேல வைட் பாஸ்னு சொல்ற மலை ரயில்ல ஒரு டிக்கெட் வாங்கிக்கலாம்.