பம்ப் இட் அப்: கால் வைக்க ஐந்து இடம், சும்மா நிற்க ஓர் இடம்கூட இல்லை

பொங்கல் லீவில் அக்கா மகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு கேம் சென்டருக்குப் போனேன். எங்களுக்குப் பந்தநல்லூர் பக்கம், அவள் ஏழு வருஷமாகப் பரதம் கற்கிறாள். கார் ரேஸ், துப்பாக்கி எல்லாவற்றையும் தாண்டிப் போய் மூலையில் இருந்த பம்ப் இட் அப் மெஷின் முன்னால் நின்றுவிட்டாள். பாட்டுக்கு ஏற்ப மேடையில் இருக்கும் அம்புக்குறிப் பலகைகளைக் காலால் மிதித்து ஆடும் டான்ஸ் கேம் அது. "மாமா, இத காலாலயா ஆடணும்?" என்று கேட்டாள். அப்புறம் நான்கு தடவை போய்வந்துவிட்டோம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இதைத் தயாரிப்பது தென்கொரியாவின் ஆண்டமிரோ. கொனாமி, சேகா போன்ற ஜப்பான் கம்பெனிகளோடு வைத்துப் பார்த்தால் சின்னக் கம்பெனிதான். கொனாமியின் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் 1998-ல் வந்தது, பம்ப் அதற்கு அடுத்த வருஷம், 1999-ல். அதைப் பார்த்துச் செய்ததுதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேடை மேல் ஏறி ஒரு பாட்டு ஆடிவிட்டு வந்து சொல்லட்டும். கொனாமி மெஷினில் முன், பின், இடம், வலம் என்று நான்கு அம்புக்குறி, நடுவில் இருக்கும் இடத்துக்கு வேலை கிடையாது, அங்கே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பம்பில் அம்புக்குறிகள் நான்கு மூலைக்கும் போய்விட்டன, மேலே இரண்டு சிவப்பு, கீழே இரண்டு நீலம், நடுவில் மஞ்சளாக ஐந்தாவது. நடுவும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டதால் கால் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குக் கால் போக வேண்டுமென்றால் இடுப்பு திரும்பியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. இந்த ஒரு மாற்றத்தால்தான் வெறும் மிதியாக இருந்தது ஆட்டமாக ஆகிறது என்பது என் அபிப்பிராயம். எக்சீட், ஃபியஸ்டா, பிரைம், 2019-ல் எக்ஸ்எக்ஸ், 2023-ல் ஃபீனிக்ஸ் என்று எத்தனையோ பதிப்பு வந்த பிறகும் அந்த ஐந்து பலகையை அவர்கள் மாற்றவே இல்லை. எங்களுக்குக் கிடைத்தது பிரைம், 2014-ல் வந்தது.

ஆடும் முறை சுலபம். திரையில் அம்புகள் கீழிருந்து மேலே ஏறிவரும், மேலே நகராமல் இருக்கும் அம்பு வடிவத்தோடு ஒன்றுசேரும் நொடியில் அந்தப் பலகையை மிதிக்க வேண்டும். பெர்ஃபெக்ட், கிரேட், குட், பேட், மிஸ் என்று ஒவ்வோர் அடிக்கும் தீர்ப்பு வரும்.

முதல் நாள் பெண்ணுக்குச் சரியாக வரவில்லை. பரதத்தின் முதல் அடவான தட்டடவு பழகிய கால், பின்னால் நன்றாகத் தூக்கி உள்ளங்கால் முழுக்கப் பதிய ஓங்கித் தட்டினாள். மேடை அதிர்ந்தது, திரையில் பேட், பேட் என்றே வந்தது. மெஷினுக்கு அடியின் பலம் தேவையில்லை, நேரம்தான் தேவை. அவ்வளவு உயரம் தூக்கினால் இறங்குவதற்குள் அம்பு போய்விடும். இரண்டாவது பாட்டில் பாதிக்கு மேல் அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள், கால் பலகையிலிருந்து ரெண்டு விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை, முழங்கால் லேசாக மடங்கி அரைமண்டிக்குப் பாதியில் நின்றது, உதடு மட்டும் "தெய்யா தெய், தெய்யா தெய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பெர்ஃபெக்ட் வரிசையாக விழ ஆரம்பித்தது. தட்டுக்கழியோடு டீச்சர் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போவாரே, பரதம் கற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது. நீள அம்பு வந்தால் ஒரு காலை ஊன்றியபடியே மற்ற காலால் ஆட வேண்டும், அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் கோலமாவால் ஐந்து கட்டம் போட்டுப் பழகினாள்.

பாட்டுகளில் நிறைய கொரியப் பாப், நம் காதுக்குப் புதுசு. ஆனால் பான்யா என்று அவர்களுடைய சொந்த இசைக்குழு செய்த பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். சில பாட்டுகளில் மேற்கத்திய சாஸ்திரிய இசையை எடுத்து எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ் வைத்து வேகமாக்கியிருக்கிறார்கள், பீத்தோவனின் பதெடிக் சொனாட்டாவும் அதில் உண்டு. மொழி தெரியாவிட்டாலும் தாளம் தெளிவாகக் கேட்பதால் கால் தானாகப் பிடித்துக்கொள்கிறது.

குறைகளும் இருக்கின்றன. லெவல் 3 தாராளமாக வருகிறதே என்று நேராக 7-க்குப் போனால் கால் பின்னிக்கொள்ளும், ஒவ்வொரு படியாக ஏறுங்கள். இரட்டை மோடில் ஒருவரே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மேடையின் பத்துப் பலகையிலும் ஆட வேண்டும், அதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பக்கத்து மெஷின்களின் சத்தத்தில் நம் பாட்டு அமுங்கிப்போவது பெரிய தொந்தரவு, தாளத்தைக் கேட்க முடியாவிட்டால் இந்த ஆட்டத்தில் பிறகு என்ன இருக்கிறது?

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது மூன்றாவது தடவை. கீழ் இடது நீலப் பலகை பாதி அடிகளை வாங்கவே இல்லை, பெண் சரியாக மிதித்தும் மிஸ், மிஸ் என்று வந்து தப்பினால் குறையும் உயிர்க்கோடு தீர்ந்து ஸ்டேஜ் பிரேக், அதாவது ஆட்டம் பாதியிலேயே நின்றுவிட்டது. தன் கால்தான் தப்பு என்று நினைத்து அவள் கண் கலங்கிவிட்டாள். அங்கே இருந்த பையனிடம் சொன்னேன். பலகையைக் கையால் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, "அது அப்படித்தான் சார்" என்றான். மெஷினைச் செய்தவர்கள் மேல் இதில் தப்பே இல்லை. அத்தனை பேர் மிதிக்கும் பலகை, அடியில் இருக்கும் சென்சாரை அவ்வப்போது கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது கேம் சென்டரின் பொறுப்பு. மூன்று பாட்டுக்கு 120 ரூபாய் வாங்குகிறவர்கள் அதைச் செய்ய வேண்டாமா?

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வழுக்காத ஷூ போட்டுவிடுங்கள், சாக்ஸ் மட்டும் வேண்டாம். பாவாடையும் வேண்டாம், சுடிதார் போதும். பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், புதுசாக ஆடுகிறவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம், விழாமல் இருப்பதுதான் முக்கியம். மத்தியானத்துக்கு முன் போனால் கூட்டமும் சத்தமும் குறைவு. கார்டைத் தேய்ப்பதற்கு முன், முந்தைய ஆள் ஆடும்போதே அந்த நீலப் பலகை வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.